பழத்தட்டுப் படமும் முன்கயிறும்

1

போன வாரம் பினாங்குப் பதிவு ஆபீஸில் என் கட்டைவிரலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டை நைந்துபோய், அதிலிருக்கிற என் முகம் எனக்கே யாரோ மாதிரி ஆகிவிட்டதால் புதுசு வாங்கப் போயிருந்தேன். முதல் ஜன்னலில் பாரம் வாங்கி, இரண்டாவது ஜன்னலில் அது தப்பான பாரம் என்று தெரிந்துகொண்டு, மறுபடி முதல் ஜன்னலுக்கு வந்து, மத்தியானம் சாயும்போது மசிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். விரலை மசியில் அமுக்கி அட்டையில் வைத்தால் ரேகையைக் காணோம். கருப்பாக ஒரு அப்பல்தான் விழுந்தது. மூன்று தடவையும் அதே அப்பல்.

மசி வைக்கிற மலாய்ப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து, விரல் நுனியெல்லாம் கொப்புளம் உடைந்து காய்ந்து கிடந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். படத்துக்குக் கண்ணாடி போட்டு பிரேம் கட்டுகிற கடை என்றேன். அந்த வேலையில் இப்படி ஆகுமா என்று அவள் நம்பவில்லை. ஊரில் வள்ளம் இழுத்தேன் என்று சொல்ல வந்தவன், பதினெட்டு வருஷம் பேசிய மலாயில் வள்ளத்துக்குப் பதில் கப்பல் என்று சொல்லித் தொலைத்தேன். கப்பல் இழுத்தவரைப் பார்க்கப் பக்கத்து ஜன்னல்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். தோல் வளர்ந்த பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

அவளுக்கு மலாயில் சொல்லி முடியாததை உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். சொந்தத் தப்பைத்தான் எழுதப்போகிறேன். ஆனாலும் சந்தோஷமாக எழுதுகிறேன்.

2

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த அதே வருஷம் நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். கோட்டைப்பட்டினத்தில் என் மனைவி ஜுலைகா அப்போது முழுகாமல் இருந்தாள். அண்ணன் சேகு முகமதுவின் வீட்டில் அவளை விட்டுவிட்டு வந்தேன். எங்கள் அத்தா மவுத்தானபோது எனக்கு ஏழு வயது. அதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவர் அண்ணன்தான்.

அண்ணன் சம்மாட்டி, இரண்டு வள்ளம் வைத்திருந்தார். ஆனால் ஊரில் அவருக்கு மரியாதை வள்ளத்தால் வந்ததல்ல, கண்ணால் வந்தது. கடலும் வானமும் ஒட்டுகிற இடத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், அது இன்னார் வள்ளத்துப் பாய், அதில் இத்தனை ஒட்டு இருக்கிறது, இன்றைக்கு மீன் கனம், என்று கரையில் நின்றே சொல்லிவிடுவார். காற்று கெட்ட நாளில் வீட்டுப் பொம்பளைகள் ஆள் அனுப்பி அவர் வாயிலிருந்து என்ன வருகிறது என்று கேட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வருகிற பாய் யாருடையது என்று ஒருவன் சொல்லி, இன்னொருவன் இல்லை என்று மறுத்தால், இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கிக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். யார் சொன்னது பொய்த்துப்போனதோ அவன் அந்த வள்ளத்தின் முன்கயிற்றைப் பிடித்துக் காய்ந்த மணல்வரை இழுக்கவேண்டும். மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள், ஆனால் முன்கயிறு தோற்றவனுக்குத்தான். அண்ணன் அந்தக் கயிற்றைத் தோற்றுத் தொட்டதே இல்லை.

இனி என் தொழில். பினாங்கில் முதலில் கண்ணாடி வெட்டப் பழகி, பிறகு ஒரு சந்தில் சொந்தமாகக் கடை போட்டேன். முருகனுக்கும் மாதாவுக்கும் சீனர்களின் பாட்டன் பூட்டனுக்கும் ராணிக்கும் சட்டம் கட்டினேன். ஆனால் என் அறைச் சுவர் மொட்டைச் சுவர். உயிருள்ளதை எழுதிச் சுவரில் மாட்டுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் நகை போட்டு அனுப்பிவிட்டு நான் பல்லியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பள்ளிக்கூட ஆசிரியை ஒரு படத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அச்சடித்த படம்தான். ஒரு மேஜை, கசங்கின வெள்ளைத் துணி, ஒரு நீலக் கூஜா, தட்டில் ஐந்தாறு சீமைப் பழம். எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. யாரோ அவசரக்காரன் பாதி வேலையில் விட்டுவிட்டுச் சோற்றுக்குப் போன மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. சட்டம் கட்டி வைத்தேன். அந்த அம்மாள் திடீரென்று ஊருக்குப் போகும்படி ஆகி, படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று துறைமுகத்திலிருந்து சீட்டு எழுதியிருந்தாள்.

ஒருநாள் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றவன் தற்செயலாக என் கடைக்குள் பார்த்தேன். அடேயப்பா! பழத்தின் மேல் காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. துணியின் மடிப்பில் நிழல் நீலமாகக் கிடந்தது. கையை நீட்டினால் ஒரு பழத்தை எடுத்துவிடலாம். ரோட்டைத் தாண்டிக் கிட்டப் போனேன், வெறும் சாயத் திட்டு. திரும்ப டீக்கடைக்குப் போனேன், பழம். நான் நான்கு தடவை போய் வந்ததைப் பார்த்து டீக்கடைக்காரர் எனக்கு ஏதோ கோளாறு என்று சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஊரில் நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு இதுதான். முகமில்லை, உயிரில்லை, எங்கள் வழக்கத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை.

3

கப்பலேறி ஆறு வருஷம் கழித்து முதல் தடவையாக ஊருக்குப் போனேன். நாகப்பட்டினத்துக் கஸ்டம்ஸில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்னை நிறுத்தினார்கள். வெளிநாட்டு ஓவியமா, அசலா, தீர்வை உண்டா என்று மூன்று அதிகாரிகள் பேசினார்கள். கடைசியில் பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஈரத்துல சாயம் ஓடிப்போயிருக்குய்யா, இதுக்கு எதுக்குத் தீர்வை?" என்று விட்டுவிட்டார். எட்ட நின்று பார்த்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

புது வீட்டுக் கூடத்தில், வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஆணி அடித்து மாட்டினேன். படம் மாட்டுகிறவனுக்குத் தெரியவேண்டியது ஆணி அடிக்கிற வேலை அல்ல. எங்கே நின்று பார்ப்பார்கள் என்பதுதான். வாசலிலிருந்து அந்தச் சுவருக்கு இருபதடி இருக்கும். அந்த இருபதடிக்குப் பழம் கனிந்து நின்றது.

ஜுலைகா தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கைலி, சென்ட்டு, டார்ச்சு லைட்டு எல்லாம் வீட்டுக்குக் கொண்டாந்தீங்க. இது ஒண்ணுதான் எனக்குக் கொண்டாந்தது." ஆறு வருஷம் கடுதாசியை மட்டும் பார்த்துக் குடும்பம் நடத்தினவள் சொன்னது.

4

வீடு குடிபோகிற அன்றைக்கு ஃபாத்திஹா ஓதி, விருந்துக்கு விரித்தாயிற்று. சொந்தக்காரர்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் வரவேண்டும். வந்தார். ஒரு காலை வாசற்படியில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை எதிர்ச் சுவரில் இருந்தது.

"பழம் இருக்கட்டும். துணி மேல ஈ உக்காந்திருக்கே, அது உசுருள்ளதாச்சே" என்றார்.

வைத்த காலை எடுத்துக்கொண்டு போய் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். துணியின் வலது மூலையில் கருப்பாக ஒரு சின்னத் திட்டு இருந்தது உண்மைதான். படத்திலிருந்த ஆயிரம் திட்டில் அதுவும் ஒன்று என்று நான் இருந்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணே, அது ஈ இல்லை, அது சாயம், இந்த மாதிரிப் படத்தில் எல்லாமே இப்படித்தான் என்றேன். தான் பார்த்தாயிற்று என்றார். கழற்றிவிட்டால் வருவதாகவும் சொன்னார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அண்ணன் கால் படாமல் அந்த வீட்டில் ஒருவரும் கை நனைக்கமாட்டார்கள். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். கழற்றப்போகிறேன் என்று தெரிந்ததும் உள்கதவுக்குப் பின்னாலிருந்து ஜுலைகா பேசினாள். அண்ணனுக்கு நேரே அவள் பேசுவதில்லை. என்னிடம் சொல்கிற மாதிரி, வேப்பமரம்வரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கரையில நின்னு ஒருத்தரு சொல்லி, இன்னொருத்தரு இல்லைன்னா, எறங்கிக் கிட்டப் போயிப் பாக்கணும்கிறது ஒங்க வழக்கந்தானே? மச்சான் ஈங்கிறாக, நீங்க இல்லைங்கிறீங்க. எறங்கிப் பாக்கச் சொல்லுங்க."

கரை வழக்கத்தை ஒரு பொம்பளை எடுத்துப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. வெளியே அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். வழக்கம் என்று சொன்ன பிறகு அவர் மறுக்கிறவர் இல்லை.

படியேறி உள்ளே வந்தார். பத்தடியில் நின்று தலையைச் சாய்த்தார். இன்னும் ஐந்தடி வந்தார். சுவரடிக்குப் போய்க் கண்ணாடிக்கு நேராக முகத்தை வைத்தார். எல்லோரும் பார்த்துவிட்டு ஒரு நொடியில் திரும்புகிற இடத்தில் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் உள்கதவைப் பார்த்தார்.

"நான் தோத்தேன். சோத்தைப் போடு" என்றார்.

அன்று சாயங்காலம் சொன்ன சொல் மாறாமல் கரைக்குப் போய், முதலில் வந்த வள்ளத்தின் முன்கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். ஊரே நின்று பார்த்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். படம் சுவரில் இருந்தது, அண்ணன் வீட்டுக்குள் வந்துவிட்டார், வேறென்ன வேண்டும்? மடையன்.

நான் திரும்பிப் பினாங்கு வந்த பிறகு ஜுலைகாவின் கடுதாசிகளில் மிச்சம் வந்தது. அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது என்று கரையில் பேச்சாகிவிட்டது. பாய் தெரிந்தால் இப்போது வேறு ஆளைக் கேட்கிறார்களாம். ஒரு புயல் நாளில் பிந்தி வந்த வள்ளத்தை அவர் சரியாகச் சொல்லியும் அந்த வள்ளக்காரன் வீட்டில் நம்பாமல், வள்ளம் தரை தட்டும்வரை அழுதுகொண்டே இருந்திருக்கிறார்கள். அதிலிருந்து அவர் பாயைப் பார்த்து வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாள்.

5

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து ஜுலைகாவையும் மகள் மைமூனையும் இங்கே அழைத்துக்கொண்டேன். பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு வந்தாலும் வருவேன், படத்தை விட்டு வரமாட்டேன் என்று ஜுலைகா அதைக் கோரைப்பாயில் சுற்றி மடியில் வைத்தே கடலைத் தாண்டினாள். இப்போது எங்கள் வீட்டு மேல்மாடியில் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடி துடைப்பாள்.

மைமூனுக்கு இப்போது பதினேழு. கான்வென்ட்டில் படிக்கிறாள். எங்களோடு பேசுவது பாதி மலாய், கால் இங்கிலீஷ், மீதியில் கொஞ்சம் தமிழ். பெரியத்தாவுக்குக் கடுதாசி எழுது என்றால் முகவரியைத் தாண்டமாட்டாள். ஊர் என்றால் அவளுக்குக் கருவாட்டு வாடை, கிணற்றுத் தண்ணீர், முடிந்தது. நான் சத்தம் போடுவேன். அவள் சிரிப்பாள். அவளுக்கு இங்கே எல்லாமே கிடைக்கிறது, கோட்டைப்பட்டினம் எதற்கு?

இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பழம் பாத்திரம் வரையச் சொல்லியிருந்தார்கள். நம் படத்தையே பார்த்து வரைந்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் துணி மூலையில் அந்தக் கருப்புத் திட்டு இல்லை. எனக்கு வந்ததே கோபம்! ஒரு திட்டுக்காக உன் பெரியத்தா முன்கயிறு பிடித்தார், அதை விட்டுவிட்டு வரைகிறாயே என்று கத்தினேன்.

அவள் நிதானமாக, "அந்தத் திட்டு படத்துல இல்ல அத்தா. எங்க லைப்ரரி புக்குல இதே படம் இருக்கு. அதுல அந்த எடம் வெறும் வெள்ளை" என்றாள்.

படத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்தேன். பின்பலகை ஆணிகளைப் பிடுங்கும்போதே என் கைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணாடியைத் தூக்கினேன். உள்பக்கம் தட்டையாக, காய்ந்து, ஒரு நிஜ ஈ ஒட்டியிருந்தது. இறக்கை, கால் எல்லாம் இருந்தது. அதன் அடியில் துணி வெள்ளையாக இருந்தது.

பிரேம் கடைக்காரனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. கண்ணாடி போடுமுன் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கவேண்டும் என்பது முதல் நாள் பாடம். வேறு படமாக இருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். ராஜா மூக்கில் ஈ உட்கார்ந்தால் யாருக்குத்தான் தெரியாது? திட்டுத் திட்டான இந்தப் படத்தில் ஈயும் ஒரு திட்டாகி, எனக்கும் கஸ்டம்ஸுக்கும் ஊருக்கும் பன்னிரண்டு வருஷம் தண்ணி காட்டிவிட்டது. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் காட்டவில்லை.

ஜுலைகா ஈயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மச்சான் கிட்டப் போயிப் பாத்துட்டு என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"தோத்தேன்னு சொன்னாரு."

"ஈ இல்லைன்னு சொன்னாகளா?"

சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன், அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. செத்த ஈ எழுதின உருவம் அல்ல, ஆகையால் படத்தில் குற்றமில்லை. அது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதோடு, பினாங்கில் கடை போட்டிருக்கிற தம்பி கண்ணாடிக்குள் ஈயை வைத்துக் கட்டியிருக்கிறான் என்பதும் தெரிந்துவிட்டது. நாற்பது பேர் முன்னால் அதைச் சொன்னால் என் மானம் கப்பலேறியிருக்கும். நான் ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை, அதற்குள் தன் கண்ணை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று பேரும் அழுதோம். மைமூனும்தான். மறுநாள் அவள் பெரியத்தாவுக்கு இரண்டு பக்கம் எழுதினாள். எழுத்துப்பிழை நிறைய. நான் ஒன்றையும் திருத்தாமல், போகும்போது நானே கொண்டுபோக வாங்கி வைத்துக்கொண்டேன்.

6

ஈயை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு கப்பலேறினேன். இந்தத் தடவை கஸ்டம்ஸில் திறந்து பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் மூடிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் வள்ளங்கள் திரும்புகிற நேரமாகப் பார்த்துக் கரைக்குப் போனேன். அண்ணன் கூட்டத்துக்கு ஒதுங்கி வலை மூட்டையில் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிவிட்டது, தாடி முழுக்க வெள்ளை. நான் கரையின் நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். அன்றைக்கு விருந்தில் இருந்தவர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். தீப்பெட்டியைத் திறந்து காட்டிச் சொன்னேன். அண்ணன் சொன்னது சரி, அது ஈதான், கண்ணாடிக்குள் ஈயை வைத்துக் கட்டினவன் நான், தோற்றவன் நான், என்று சொன்னேன். தீப்பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷம் கழிச்சு இதை எதுக்குடா தூக்கிக்கிட்டு வந்தே?" என்றார்.

"நீங்க ஏண்ணே அன்னைக்குச் சொல்லலை?"

"சொல்லிட்டா? ஏங்கண்ணு என்னோட போயிரும். ஒங்கடை ஒம்பொண்டாட்டி புள்ளைக்குச் சோறு. அதுல போயி ஈயை ஓட்டச் சொல்றியா?" தாடியைத் தடவிக்கொண்டு, "அந்தப் புள்ள ஆறு வருஷம் எங்க வீட்டுல ஒண்ணுமே கேட்டதில்லடா. அன்னைக்குத்தான் கேட்டுச்சு" என்றார்.

நான் சட்டையைக் கழற்றி மணலில் போட்டேன். அண்ணனுடைய வள்ளமே வந்து தரை தட்டியது. முன்கயிற்றைத் தோளில் போட்டேன். பதினெட்டு வருஷம் கண்ணாடியும் ஆணியும் பிடித்த கை, பினாங்குச் சாப்பாட்டில் வளர்ந்த தொந்தி. கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே இழுத்தேன். கயிறு உள்ளங்கையைத் தின்றது. பின்னால் தள்ளினவர்கள் வேண்டுமென்றே கையை லேசாக வைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். காய்ந்த மணலில் போய் விழுந்தபோது என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் பட்டதில்லை.

மல்லாந்து கிடந்தவன் காதில் விழுந்தது. ஒரு பையன் கடலைக் காட்டி, "பெரியத்தா, அந்தா வருதே, அது யாரு பாயி?" என்று கேட்டான். அண்ணன் எழுந்து நின்று, கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். பேரைச் சொன்னார். மறுத்துப் பேச ஒருவனும் இல்லை. பாய் பெரிதாகிப் பெரிதாகி வந்து, அவர் சொன்ன ஆளே அதிலிருந்து இறங்கினான்.

மைமூனின் கடுதாசியைக் கொடுத்தேன். எட்டத்தில் பிடித்துப் படித்தார். கிட்டப் பிடித்தால்தான் இப்போது எழுத்துத் தெரியவில்லையாம்.

7

ஈயைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லித்தான் ஜுலைகா அனுப்பியிருந்தாள். வந்த அன்றைக்கே படத்தைக் கழற்றி, அதே மூலையில், அதே இடத்தில் வைத்துக் கண்ணாடி போடச் சொன்னாள். போட்டேன். என் கைக்கட்டுகளோடு ஆணியைப் பிடிக்க முடியாததால் மைமூன்தான் பிடித்துக்கொண்டாள். அடுத்த லீவில் தானும் கோட்டைப்பட்டினம் வரப்போவதாகச் சொல்கிறாள். கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இப்போது பேச்சில்லை.

பதிவு ஆபீஸிலிருந்து நேற்று ஒரு சீட்டு வந்தது. ரேகை தெரிகிற வரை எனக்கு அட்டை தர வழியில்லை, நான் இன்னார் என்பதற்கு விரல்தான் சாட்சி என்று எழுதியிருக்கிறார்கள். மெதுவாக வளரட்டும். இந்தக் கை யாருடைய கை என்று கோட்டைப்பட்டினத்துக் கரைக்குத் தெரியும்.